நாற்காலி டிக்கெட்டில் பார்த்த படம்

என் வீட்டுக் கூடத்தில் மடக்கு இரும்பு நாற்காலி ஒன்று கிடக்கிறது. பச்சைச் சாயம் உரிந்து, முதுகில் எழுதியிருந்த எண்ணில் பாதிதான் மிச்சம். கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டி இருந்த எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸை மூடியபோது, ஆளாளுக்குத் தகரம், மரம் என்று தூக்கிக்கொண்டு போனார்கள். நான் இதை எடுத்துக்கொண்டு வந்தேன். பார்த்தால் எலும்புக்கூடுதான், உட்கார்ந்தால் முதுகுக்கு அப்படி ஓர் இதம். வீட்டுக்கு வருகிறவர்கள் சோபாவை விட்டுவிட்டு இதில்தான் உட்காருவார்கள். உட்கார்ந்ததும், "அட, சுகமா இருக்கே" என்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு முறுக்கக்காவின் முகம் வந்து நிற்கும்.

எழுபதுகளில் அந்தக் கொட்டகையில் பெண்கள் பக்கத்து டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. ஒரு பெண் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தால்தான் பெண்கள் கூச்சமில்லாமல் வருவார்கள் என்று முதலாளி நினைத்தார். ஊரில் என்னைக் கொட்டகைக்காரி என்று சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு. சிரித்தவர்களே ஞாயிற்றுக்கிழமை என் ஜன்னலுக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றதால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. முறுக்கக்கா எனக்கு மூத்தவள். இடைவேளையில் கொட்டகைக்குள்ளே கூடையோடு வந்து முறுக்கும் கடலையும் விற்பாள். புருசன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்தக் கூடைதான் வளர்த்தது.

கூடைக்காரி என்பதைவிட, ஊருக்கு அவள் வேறொரு வகையில் முக்கியமானவள். எந்தப் படமும் எல்லா ஊரிலும் ஓடிக் களைத்த பிறகுதான் எங்கள் கொட்டகைக்கு வரும். அதற்குள் பத்திரிகையில் வந்த விமர்சனம் பொட்டலம் கட்டப் போயிருக்கும். எங்களுக்கு விமர்சனம் என்றால் முறுக்கக்காதான். வெள்ளிக்கிழமை படம் மாறும். அன்றைக்கு முதல் ஆட்டத்திலேயே பெண்கள் பக்கத்துத் தரையில் மணலைக் குவித்து, மேலே கோணிச்சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்துவிடுவாள். சனிக்கிழமை காலையில் பஞ்சாயத்துக் குழாயடியில் குடங்களோடு நிற்கும் பெண்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் கதையைச் சொல்ல மாட்டாள். படம் நன்றாக இருந்தால், "புள்ளைய எழுப்பி வெச்சுப் பாருங்க" என்பாள். சுமாராக இருந்தால், "புள்ள தூங்குனா தூங்கட்டும், நீங்க மட்டும் பாருங்க." உருப்படாத படம் என்றால், "எல்லாரும் ஊட்டுலயே தூங்குங்க." அவ்வளவுதான். வாரம் முழுக்கக் கடலைக் காட்டில் குனிந்த பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். அதை எங்கே கழிப்பது என்பதை அவளை நம்பித்தான் முடிவு செய்தார்கள்.

"கூட்டம் வந்தாத்தானேக்கா உங்களுக்கு யாவாரம், படம் நல்லால்லன்னு எதுக்குச் சொல்றீங்க?" என்று ஒரு முறை கேட்டேன். "ஒரு வாரம் ஏமாத்தி வித்துப்போடலாம் கண்ணு. அடுத்த வாரம் என்ற பேச்ச ஆரு கேப்பா?" என்றாள்.

முதலாளி ஒன்றும் விவரம் தெரியாதவர் அல்ல. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் குழாயடியில் முடிவாகிறது என்பதை அவர் மோப்பம் பிடித்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை அக்காவைக் கூப்பிட்டு, "நீ எதுக்கு மண்ணுல உக்காந்து கஷ்டப்படற? இனிமே கசேரயில உக்காந்து பாரு. டிக்கெட்டெல்லாம் வேண்டாம்" என்றார். எங்கள் எல்லைப் பக்கத்தில் நாற்காலியை மலையாளத்து வழக்கப்படி கசேர என்றுதான் சொல்வோம். படத்தைப் புகழ வேண்டும் என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவுக்கோ முட்டிவலி. கடைசி வரிசையில், ஆபரேட்டர் அறையை ஒட்டி, பின்னாலும் பக்கத்திலும் செங்கல் சுவர் இருக்கிற இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்தபோது அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. காயப்போட்ட சேலையைப் பக்கத்து ஊரில் போய்த் தேட வேண்டும். அந்தக் காற்று நாளில் ஒரு குடும்பப் படம் வந்தது. கடைசியில் கோர்ட்டில் நின்று கதாநாயகி தன் நியாயத்தைப் பேசுகிறாள், அந்தப் பேச்சுதான் படமே. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். மறுநாள் குழாயடியில், "புள்ளைய எழுப்பி வெச்சுப் பாருங்க. கடைசில அந்தம்மா பேசற பேச்சுக்கே போலாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை என் ஜன்னலில் கை வைக்க இடமில்லாத கூட்டம். ஆனால் பெண்கள் தரை இருந்தது கொட்டகையின் மேற்கே. அங்கே சுவர் கிடையாது, வெறும் ஓலைத் தடுப்புதான். காற்று அந்த ஓலைகளைப் பிடித்து உலுக்கியது. கதாநாயகி கையை நீட்டி நீட்டி வாயை அசைத்தாள், கேட்டதெல்லாம் சடசட சத்தம். எழுப்பி உட்கார வைத்த பிள்ளைகள் கண்ணில் மண் விழுந்து கூப்பாடு போட்டன. படம் முடிந்து வெளியே வந்த பெண்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை குழாயடியில் வெடித்தது. "ஏனுங்கக்கா, ஊமைப் படத்துக்கா புள்ளைய எழுப்பி வெக்கச் சொன்னீங்க?" என்று ஒருத்தி குடத்தை நங்கென்று வைத்தாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, "கசேரயில உக்கார வெச்சா ஆருக்கும் வாய் இனிக்கத்தான் செய்யும். கூட்டம் வந்தா முறுக்கும் விக்கும்" என்றாள். அக்கா தன் இரண்டு பெண்கள் மேலும் சத்தியம் செய்தாள், ஒவ்வொரு பேச்சும் தன் காதில் தெளிவாக விழுந்தது என்று. யாரும் நம்பவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருத்தியாகக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சண்டை போட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர்கள் நகர்ந்து போனதுதான் அவளை என்னவோ செய்துவிட்டது.

அன்று சாயங்காலம் கூடையைத் தூண் ஓரமாக வைத்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்து சில்லறையை நீட்டினாள். "ஒரு தரை டிக்கெட் குடு." உங்களுக்கு எதற்கக்கா, சும்மா உள்ளே போங்கள் என்றேன். "குடுன்னா குடு" என்றாள். அந்தக் குரலுக்கு முன்னால் பேச முடியாது, கிழித்துக் கொடுத்தேன். பழைய கோணிச்சாக்கை விரித்து மேற்கே, ஓலைத் தடுப்பை ஒட்டி உட்கார்ந்தாள். கோர்ட் காட்சி வந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். முட்டி போட்டு எழுந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது கண்ணெல்லாம் மண் விழுந்து சிவந்திருந்தது.

"நெசமாவே கேக்கல கண்ணு. அவுங்க சொன்னதும் நெசம், நான் சொன்னதும் நெசம். ரெண்டும் வேற வேற படமாட்டம் இருக்குது" என்றாள்.

பழியைக் காற்றின் மேல் போட்டுவிட்டு நாற்காலியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். மறுநாள் விடிந்ததும் குழாயடிக்குப் போய், எல்லாரும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்: "படம் நல்ல படந்தான். ஆனா நீங்க உக்கார்ற எடத்துல உக்காந்து நான் பாக்கல. பாக்காமயே உங்களப் போகச் சொன்னது என்ற தப்பு. காத்து அடங்கற வரைக்கும் பேச்சு நெறைய வர்ற படத்துக்கு மேக்கால தரையில போய் உக்காராதீங்க."

இந்தச் செய்தி முதலாளி காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? கூப்பிட்டு அனுப்பினார். நான் கல்லாவை ஒப்படைக்கப் போனவள் அங்கேயே நின்றேன். "உன்னைய நான் பொய் சொல்லச் சொன்னனா?" என்று கத்தினார். அக்கா நிதானமாக, "இல்லீங்க. சொல்லியிருந்தீங்கன்னா நான் உசாரா இருந்திருப்பேனுங்க. இனி எனக்குத் தரையே போதுமுங்க, டிக்கெட் எடுத்துக்கறேன்" என்றாள். "அப்ப உன்ற கூடையும் வெளியவே இருக்கட்டும்" என்றார் அவர். அந்த வாரமே இடைவேளை வியாபாரம் வேறொரு ஆளுக்குப் போயிற்று.

கொட்டகைக்கு வெளியே புளியமரத்தடியில் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு அக்கா முறுக்கு விற்றாள். அரிக்கேன் விளக்கைப் பற்ற வைக்க வைக்க அணைந்துபோகும். பாதிக் கூடை அப்படியே வீட்டுக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. பெரிய பெண்ணுக்கு அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணிந்து போனால் என்ன கெட்டுவிடும் என்று அவளிடம் சண்டைகூடப் போட்டேன். அவள் அசையவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் தரை டிக்கெட் எடுத்தாள், தவறாமல் சனிக்கிழமை குழாயடியில் சொன்னாள். படம் எப்படி என்று ஒரு வாக்கியம், தரையில் கேட்கிறதா என்று இன்னொரு வாக்கியம். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பிடித்தவர்கள், பிறகு மெல்லத் திரும்பினார்கள். ஆடி முழுக்கப் பெண்கள் பக்கம் காற்று வாங்கியது. நான் ஜன்னலில் உட்கார்ந்து ஈ ஓட்டினேன், முதலாளி என்னை முறைத்தார்.

ஆவணி பிறப்பதற்குள் அவர் இறங்கி வந்தார். மேற்கே ஆள் உயரத்துக்கு மண்சுவர் எழும்பியது. "அவளை வந்து பாக்கச் சொல்லு" என்று என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். அக்கா வந்தாள், டிக்கெட் எடுத்தாள், சாக்கை விரித்தாள். சனிக்கிழமை குழாயடியில் ஊரே காத்திருந்தது. "செவுரு நெம்ப நல்லாருக்குது. தரையில எல்லாம் கேக்குது. படந்தான் ஆகாது, ஊட்டுலயே தூங்குங்க" என்றாள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். கொட்டகைக்குள் அவளுக்கு மறுபடி இடம் கொடுக்கவே இல்லை. ஆனால் பெண்கள் உள்ளே நுழைவதற்கு முன்னால் புளியமரத்தடியில் மடி நிறைய வாங்கிக்கொண்டுதான் என் ஜன்னலுக்கு வந்தார்கள். ஊரில் புதுப் பழக்கமும் ஒன்று வந்தது. யார் எந்தப் படத்தைப் பற்றிப் பேசினாலும், "எங்க உக்காந்து பாத்தீங்க?" என்று முதலில் கேட்பார்கள்.

போன மாதம் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் கொதித்துக்கொண்டு இறங்கி வந்தாள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், ஓய்ந்த நேரத்தில் வீடியோ கேம் விளையாடுகிறவள். ஆவலாகக் காத்திருந்து வாங்கிய விளையாட்டு அவளுடைய பழைய லேப்டாப்பில் நின்று நின்று ஓடுகிறதாம். யூடியூபில் ஒருவன் ஆஹா ஓஹோ என்று சொன்னதை நம்பித்தான் வாங்கினாளாம். "கம்பெனிக்காரன்கிட்ட காசு வாங்கிட்டுப் பொய் சொல்றான்மா" என்றாள். "அவன் எதுல வெளையாடினான்?" என்று கேட்டேன். போனை எடுத்துத் தேடினாள். புத்தம்புது மெஷின், விளையாட்டோடு சேர்த்துக் கம்பெனியே அனுப்பியது. அதை அவனே வீடியோவின் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறான். பிறகு கூடத்திலிருந்த அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, தன்னுடைய லேப்டாப் எத்தனை பழையது, அதில் அந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று அவன் வீடியோவுக்குக் கீழே நீளமாக எழுதினாள். எழுதி முடித்துப் பின்னால் சாய்ந்தவள், "இந்தச் சேர் எவ்ளோ சுகமா இருக்கு" என்றாள்.

கொட்டகை மூடிய பிறகு முறுக்கக்கா ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தாள், இளைய பெண்ணின் கல்யாணத்துக்குச் சொல்ல. இந்த நாற்காலியைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு சிரித்துவிட்டாள். உட்காருங்கக்கா என்று வற்புறுத்தினேன். உட்கார்ந்து, காலை நீட்டி, முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"சொகமாத்தான் இருக்குது கண்ணு. அதுதான் வம்பு" என்று சொல்லிவிட்டு, எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.