ஏழாம் நம்பர்

கைலாய யாத்திரைக்கு ஆள் கூட்டிப்போகிற தொழிலில் தரிசனம் கொடுப்பது சாமி பாடு, போன தலைகளை அப்படியே திருப்பிக்கொண்டு வருவது நம் பாடு. அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே எனக்கொரு சின்ன ஆபீஸ். குழு கூட்டிப்போய்ச் சீரழிந்த சக தொழிலாளிகளே, மங்கி குல்லா போட்ட பன்னிரண்டு பேரில் யார் எவர் என்று தெரியாமல் விழித்ததுண்டா? அப்படியானால் நீங்களும் நம் ஆள்தான்.

குரல் கணக்கு

ஆனி மாதக் குழுவில் பன்னிரண்டு பேர். சீன எல்லையில் காட்டுகிற அனுமதித் தாள் ஒன்றுதான், அதில் எல்லார் பேரும் இருக்கும். அந்த எண் வரிசையில்தான் உள்ளே விடுவார்கள். அதனால் முன்கூட்டியே ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுவேன். முக்கூடல் சங்கரலிங்கம் சார்வாளுக்கு ஏழு. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தாமிரபரணிக் கரையின் ஒன்பது கைலாயங்களையும் பார்த்துவிட்டு, பத்தாவதுக்காக இருபது வருஷம் காத்திருந்தவர்.

பயிற்சிக்காகப் பாபநாசம் மலையில் ஏறினோம். நான் விரலை நீட்டித் தலை எண்ணுவது சார்வாளுக்குப் பொறுக்கவில்லை. ஆளாளுக்குத் தன் எண்ணை உரக்கச் சொல்லப் பழக்கியது அவர்தான்.

"தலைய எண்ணாதீரும் வே. தலை ஏமாத்தும், குரல் ஏமாத்தாது."

தாளில் ஒரு கோடு

மூன்றாவது பயிற்சியில் சார்வாள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். உதடு நீலம் பாரித்திருந்தது. நுரையீரல் தாங்காது என்றார் டாக்டர். அதை அவரிடம் சொல்கிற பாவம் என் தலையில் விழுந்தது. முக்கூடலுக்குப் போய், "நீங்க வரவேண்டாம் சார்வாள்" என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாள் ஏற்கெனவே போய்விட்டதால் எண்களை மாற்ற முடியாது, பேரை மட்டும் கோடு போட்டு அடிப்பார்கள் என்று விளக்கினேன்.

"எம் பேரை அடிச்சிரும். நம்பரை அடிக்காதீரும்."

கணவாயில்

கைலாயத்தைச் சுற்றிவரும் பரிக்கிரமத்தின் இரண்டாம் நாள், கணவாயின் உச்சி. நீட்டிய கை தெரியாத பனிமூட்டம். எண்ணச் சொன்னேன். ஒன்று முதல் ஆறு வரை வந்தது. ஆறுக்குப் பிறகு, இல்லாத ஏழுக்காக ஒரு மூச்சு விட்டு எட்டு சொல்வது எங்கள் வழக்கம். அந்த இடைவெளியில் இடப்பக்கச் சரிவிலிருந்து "ஏழு" என்று கேட்டது. இரைப்புக் கலந்த குரல். அடுத்து எட்டு வரவில்லை. மறுபடியும் "ஏழு".

எட்டாம் எண் கல்லிடைக்குறிச்சி கோமதி அக்கா, அப்பளம் போடுகிறவர். குரல் வந்த பக்கம் இறங்கினேன். பத்தடியில், பாறை மறைவில், கண் சொருகிச் சரிந்து கிடந்தார். சார்வாள் வராதது அவருக்கும் தெரியும். கன்னத்தில் தட்டியதும் கண்ணைத் திறக்காமலே முனகினார்.

"சார்வாள் தூங்க விடமாட்டேங்காவ. எட்டு சொல்லு, எட்டு சொல்லுன்னு உயிர எடுக்காவ."

முக்கூடலில் ஸ்வெட்டர்

அக்காவைக் குதிரையில் ஏற்றி, விழுந்தடித்து இறங்கினோம். அவர் பிழைத்தார். ஊர் வந்ததும் மானசரோவர் தண்ணீரோடு முக்கூடலுக்கு ஓடினேன். சார்வாள் இருக்கமாட்டார் என்றே நினைத்துப் போனேன். இருந்தார். வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் ஸ்வெட்டரும் கம்பளியும் போர்த்தி, நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார்: "அன்னைக்கு ஆத்துல குளிக்கையில திடீர்னு ஏழு, ஏழுன்னு கத்துனாவ. அதுலேர்ந்து குளிருதுங்காவ. வேற பேச்சே இல்ல." எந்த நாள் என்று கேட்டேன். நாங்கள் கணவாயில் நின்ற அதே நாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். பனிக்காற்றில் எங்கள் கன்னங்கள் உரிந்திருந்தது போலவே அவர் கன்னமும் உரிந்திருந்தது. "எல்லாரும் பத்திரமா வந்துட்டோம் சார்வாள்" என்றேன். கம்பளிக்குள்ளிருந்து கேட்டார்.

"இறங்கையில எண்ணினீரா வே?"

எண்ணவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆகவே, சக தொழிலாளிகளே, ஆவணிக் குழுவின் தாளிலும் ஏழில் அவர் பேரை எழுதி நானே கோடு போட்டிருக்கிறேன், இந்த முறை இறங்குமுன் எண்ணுவேன், அங்கேயே தங்கிவிட்ட ஏழு வந்து சேரும்வரை கணவாயை விட்டு நகர்வதாக இல்லை.