மேகம் தாழ்ந்திருக்கிறது, படகுகள் இறங்க வேண்டாம்

நாங்கள் குடியிருக்கும் ஊரில் வானிலையை மூன்று வகை மனிதர்களுக்குத் தனித்தனியாகச் சொல்கிறார்கள். முதலில் தரையில் நடமாடுகிறவர்களுக்கு, அடுத்து விமானம் ஓட்டுகிறவர்களுக்கு, கடைசியாகப் படகு இறக்குகிறவர்களுக்கு. மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையோரம் இருக்கும் சின்ன ஊர் இது. சமையலறை ரேடியோவைத் திருகினால் ஏற்ற இறக்கமே இல்லாத ஒரு குரல் அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். வடமேற்குக் காற்று. அலை நான்கிலிருந்து ஏழு அடி. மேகம் தாழ்ந்திருக்கும். மலேசியாவின் கெடாவில் வளர்ந்த எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. சுங்கைப் பட்டாணியில் எங்கள் வீட்டில் யாரும் வானிலை கேட்டதில்லை. ஜெராய் மலை உச்சியில் மேகம் உட்கார்ந்துவிட்டால் கொடியில் கிடக்கும் துணியை எடுப்போம், அவ்வளவுதான்.

கூலிம் தொழிற்சாலையில் இருந்த என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் வந்த புதிது அது. ரேடியோவில் அடிக்கடி 'ஸ்மால் கிராஃப்ட் அட்வைஸரி' என்று வரும். ஏதோ கைவேலை வகுப்பு நடத்துகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பகலெல்லாம் தனியாக இருந்த எனக்கு நாலு பேரைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. பக்கத்து வீட்டு டோரத்தியிடம் போய், அந்தக் கிராஃப்ட் வகுப்பு எங்கே நடக்கிறது, நானும் சேரலாமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து ஜன்னலோரம் அழைத்துப்போய் ஏரியைக் காட்டினார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருந்தது. சின்னப் படகுகள் இன்று இறங்கக்கூடாது என்பதுதான் அந்த அறிவிப்பு என்று விளக்கினார். பிறகு இருவரும் சிரித்தோம்.

அன்றைக்கே இதை அண்ணனிடம் போனில் சொன்னேன். எனக்குக் காலை என்றால் அவருக்கு மாலை. மணியம் அண்ணன் எனக்கு ரொம்ப மூத்தவர். நாங்கள் இருந்த எஸ்டேட்டை முதலாளி விற்று ரப்பர் மரங்களைச் சாய்த்த பிறகு குடும்பத்தோடு சுங்கைப் பட்டாணிக்கு வந்து, கூலிம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ்ஸை ஓட்டினார். லீவு நாளில், ஆறு கடலில் சேரும் தஞ்சோங் டாவாய்க்குப் போய்விடுவார். அங்கே பாக் டின் என்ற மலாய்க்காரரின் மீன்பிடிப் படகில் தொற்றிக்கொண்டு தூண்டில் போடுவது அவருக்குப் பிடித்தமான காரியம்.

"ஏரியில எப்படி பாப்பா ஏழு அடி அலை வரும்? நம்ம எஸ்டேட் குளத்துல எரும எறங்குனாத்தான் அலை வரும்" என்றார்.

"இது கடல் மாதிரிண்ணே. அந்தக் கரையே தெரியாது."

"சும்மா கதை விடாத லா. எங்க, அவன் சொல்றத அப்படியே வாசி."

ரேடியோவைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் சொன்னேன். விமானக்காரர்களுக்கு மேகம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதுவரை விடாமல் கேட்டுக்கொண்டார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கூப்பிட்டதும் "வாசி பாப்பா" என்பார். நான் முடித்ததும் அவருடைய முறை. "இங்கயும் அங்கின் பலமா இருக்கு. பாக் டின் படகக் கட்டிப்போட்டுட்டு காப்பி குடிச்சிக்கிட்டு இருக்காரு." அங்கின் என்ற மலாய்ச் சொல்லைக் கேட்டாலே எனக்கு அந்த ஆற்றுமுகத்துக் காற்று முகத்தில் அடிக்கும். இங்கே காற்று என்றால் குளிர்தான். அங்கே காற்றில் கருவாட்டு வாசம் இருக்கும்.

இங்கே வந்த பின் ஒருமுறை என் வயிற்றில் வளர்ந்த பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். அண்ணி ஒரு பாடு அழுதுவிட்டு அண்ணனிடம் போனைக் கொடுத்தார். அவருக்கு இந்த மாதிரி விஷயத்தில் தங்கையிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கனைத்துக்கொண்டார். பிறகு "வாசி பாப்பா" என்றார். நான் எழுந்துபோய் ரேடியோவைத் திருகினேன். மேற்குக் காற்று, அலை ஆறு அடி என்று சொல்லும்போதே குரல் உடைந்துபோயிற்று. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நாளைக்குக் காத்து கொறையுமா?" என்றார்.

"கொறையும்னு சொல்றாங்கண்ணே."

"அப்ப சரி" என்றார். எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது இது ஒன்றுதான்.

போன நவம்பரில் ஒரு காலை அண்ணி கூப்பிட்டார். ஆட்களை இறக்கிவிட்டுப் பஸ்ஸை நிறுத்தியவர் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டாராம். நெஞ்சுவலி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், கண் திறக்கவில்லை. கிடைத்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கணவரோடு எங்கள் ஊர் விமான நிலையத்துக்குப் போனேன். கைக்கெட்டும் தூரத்தில் மேகம் தொங்கிக்கொண்டிருந்தது. தூறல் விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக ஒட்டியது. ஒவ்வொரு விமானமாக ரத்து என்று பலகையில் மாறிக்கொண்டே வந்தது.

கவுண்டரில் இருந்த பெண்ணிடம் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். "இம்மீடியட் ஃபேமிலியா?" என்று கேட்டாள்.

"ஆமாம், இம்மீடியட்டாகப் போக வேண்டும், இப்போதே" என்றேன்.

அவள் என் கையைத் தொட்டு, அதைக் கேட்கவில்லை அம்மா என்றாள். நெருங்கிய உறவா என்றுதான் கேட்டாளாம். ஆனாலும் அவள் என்ன செய்வாள், மேகம் உயர்ந்தால்தானே விமானம் எழும்பும்.

மாலையில், அங்கே விடியும் நேரம், அண்ணி மறுபடி கூப்பிட்டார். "போயிட்டாரு பாப்பா" என்றார். என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பின்னால் யார் யாரோ பேசும் சத்தம் கேட்டது. அண்ணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாயங்காலமே எடுத்துடலாம்னு பெரியவங்க சொல்றாங்க. நீ வர்ற வரைக்கும் வைக்கணும்னா ஐஸ் பெட்டிக்குச் சொல்லணும். என்னா செய்யட்டும்? நீ சொல்லு."

கணவர் தன் போனில் வானிலை அறிவிப்பை எடுத்து நீட்டினார். வடமேற்குக் காற்று வலுக்கும். ஏரிமேல் பனிமேகம் திரளும். நாளையும் மறுநாளும் விமானங்களுக்கு உகந்த நிலை இல்லை. படகுகள் இறங்க வேண்டாம். அதன் பிறகும் கடல் தாண்டிப் போய்ச்சேர வேண்டும். அந்த மொழியைப் படிக்க எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அண்ணனுக்காகத்தான் அத்தனை வருடம் படித்திருந்தேன்.

"இங்க பறக்காது அண்ணி. காத்திருக்க வேணாம். எடுத்துடுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது.

பினாங்கில் இறங்கி சுங்கைப் பட்டாணி வீட்டுக்கு நான் போனபோது பந்தலைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்தபின், "சாம்பல் இன்னும் கரைக்கல பாப்பா. இங்கயும் ஒரே மழை காத்து. தெனமும் கேட்டுப் பாத்தோம், பாக் டின் படக எடுக்க மாட்டேங்குறாரு. ஓம்பாக் பெருசா இருக்காம்" என்றார். அங்கே பனிமேகம் என்னைப் பிடித்து வைத்தது போல, இங்கே ஓம்பாக், அந்த அலை, அண்ணனைப் பிடித்து வைத்திருக்கிறது. முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. சாம்பலோடு ஒரு மண்சட்டியாவது கிடைத்ததே என்று நினைத்த நிமிஷமே அந்த நினைப்பு என்னைச் சுட்டது.

மறுநாள் காற்று அடங்கியது. அண்ணி படகுத்துறையில் நின்றுகொள்ள, அண்ணன் மகன் குமாரும் நானும் சட்டியோடு பாக் டின் படகில் ஏறினோம். பாக் டின் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மணியத்தின் தங்கையா, அமெரிக்காவில் இருப்பவளா என்று மலாயில் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தால் பாதி ஆங்கிலமாக வந்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"உன் ஏரியில் அலை எத்தனை அடி என்று மணியம் வாராவாரம் வந்து எங்களிடம் சொல்வான். அந்த ஏரி யாருக்கு வேணும் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். இந்தப் படகுத்துறையில் எல்லாருக்கும் தெரியும் உன் ஊர்ப் பனி." துடைத்த கையை மறுபடியும் துடைத்துக்கொண்டார். "இன்றைக்கு அங்கே எப்படி?"

எனக்குத் தெரியவில்லை. கிளம்பியதிலிருந்து நான் கேட்கவே இல்லை. தெரியாது என்றேன். அவர் இன்ஜினைக் கிளப்பினார்.

மெர்போக் ஆறு கடலைத் தொடும் இடத்தில் இன்ஜினை நிறுத்தினார். படகின் ஒரு பக்கம் ஆற்றின் பழுப்புத் தண்ணீர், மறுபக்கம் கடலின் பச்சைத் தண்ணீர். குமார் சட்டியைச் சாய்த்தான். நான் செவ்வந்திப் பூக்களைப் போட்டேன். சாம்பல் கரைந்து இறங்கிவிட்டது. பூக்கள் அசையவில்லை. கடலின் வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்காத நேரம் அது என்றார் பாக் டின். வெளியே போவதா உள்ளே வருவதா என்று தண்ணீர் இன்னும் முடிவு செய்யவில்லையாம். படகுத்துறையில் அண்ணி சிறு புள்ளியாகத் தெரிந்தார். எதிரே கடல் திறந்து கிடந்தது.

"போலாமா அத்தை?" என்றான் குமார்.

"கொஞ்சம் இருப்பா" என்றேன்.

பூக்கள் படகை ஒட்டியே மிதந்துகொண்டிருந்தன, கரைக்கும் வராமல், கடலுக்கும் போகாமல்.