கடல் பூச்சிக்கு உப்பு

தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகும்போது அம்மாவின் மடியில் எப்போதும் ஓர் உப்பு முடிச்சு இருக்கும். அட்டை கடித்த இடத்தில் ஒரு சிட்டிகை வைத்தால் சுருண்டு விழுந்துவிடும். மலைநாட்டு நமுனுகுலயிலிருந்து முதன்முதலாகக் கடல் பார்க்க வேனில் பொத்துவில் போன அன்றும் அந்த முடிச்சு கூடவே வந்தது.

வேன் பேசியவர் மாமா, அம்மாவின் தம்பி. பதுளையில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், அவர் காட்டிய பாறையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தோம். தண்ணீர் பாறையின் அடியை நனைக்கத் தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை.

பாதிச் சோற்றில் பாறையே அசைவதுபோல் இருந்தது. வெடிப்புகளிலிருந்து சாம்பல் நிறப் பூச்சிகள் கூட்டமாக எங்களை நோக்கி ஏறி வந்தன. கட்டைவிரல் நகமளவு தட்டை உடம்பு, நிறையக் கால்கள், நீண்ட இரண்டு மீசைகள். ஒன்று என் தம்பியின் சட்டைக்குள் புகுந்தது.

"அம்மா, அட்டை! அட்டை!"

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஓடினார்; நாங்களும் பின்னால் ஓடினோம்.

"ஆடாம நில்லுடா. எங்க கடிச்சிச்சு?"

சட்டையைக் கழற்றி முதுகெல்லாம் உப்பைத் தேய்த்தார். ரத்தமில்லை, ஒரு கீறல்கூட இல்லை. சட்டையிலிருந்து விழுந்த பூச்சி, கொட்டிக் கிடந்த உப்பின் மேலேயே நடந்து போனது.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏக்கா, கடல்ல குடியிருக்கிறதுக்கா உப்புப் போடுற? ருசியா இருக்கு, இன்னும் கொஞ்சம் குடுன்னு கேக்கப்போகுது!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு பெரிய அலை பாறையை முழுவதுமாக மூடி இறங்கியது. சோற்றுப் பொட்டலங்கள் போயின. மாமாவின் செருப்பும் போனது. செருப்புக்காக இன்னொரு முறை சிரித்தோம்.

திரும்பும் வழியில் லுணுகலை ஊரைத் தாண்டியும் அம்மா என் தம்பியின் கையை விடவில்லை.

"பூச்சிப் பயம் இன்னும் போகலியாக்கா?" என்றார் மாமா.

"ஆமாடா, பூச்சிக்குத்தான்" என்று அம்மா சிரித்தார்.

அவை நண்டுக்கும் இறாலுக்கும் உறவு, மனிதரைக் கடிக்காது, தண்ணீர் ஏறினால் மேலே ஓடிவிடும் என்று பிற்பாடு படித்தேன். எங்களைத் தேடி வரவில்லை, எங்களுக்கு முன்பே புறப்பட்டிருக்கின்றன. அலை இறங்கிய பிறகு அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது பூச்சியை அல்ல, பாறையில் என் தம்பி உட்கார்ந்திருந்த இடத்தை என்பதும், அந்தப் பாறையைக் காட்டிய தன் தம்பியிடம் அதை அவர் கடைசிவரை சொல்லவில்லை என்பதும் அன்று எனக்குத் தெரியாது. பூச்சிக்கே இவ்வளவு பயமா என்று நானும் மாமாவோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன்.