கோடுகளின் நிறம்

மகன் சொந்தமாக ஒரு பவர் சப்ளை செய்யப்போவதாகச் சொல்லி, மறைந்த என் அப்பாவின் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தான். அதிலிருந்து எழுந்த ஒயர் பற்றவைக்கும் சால்டர் பிசின் வாசனை என்னைப் பூச்சோங் வீட்டில் இருக்கவிடவில்லை, நான் வளர்ந்த, இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு இழுத்துப் போனது. அங்கே ரயில் போகும்போதெல்லாம் மேசை அதிரும், பிரித்து வைத்த ரெசிஸ்டர்கள் கலந்துவிடாமல் எல்லாரும் உள்ளங்கையால் பொத்திக்கொள்வோம், அதிர்வு அடங்கியதும் அப்பா ஒவ்வொன்றாக நீட்ட, அம்மா வெங்காயம் உரித்தபடியே அதன் மதிப்பைக் காட்டும் கோடுகளின் நிறங்களைச் சொல்லுவார். எப்படியோ கண் டெஸ்ட்டைத் தாண்டி ரயில்வே யார்டில் எஞ்சின் ஓட்டிய அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

"வெளிய யார்கிட்டயும் சொல்லாத லா, அப்பாவுக்கு வேலை போயிடும்" என்பார் அம்மா. அப்பா வேலை முடிந்து வரும்வரை அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருப்பார்.

மகன் டின்னிலிருந்த ஒரு ரெசிஸ்டரை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மா, இந்தக் கோடு ரெட்டா, கிரீனா? எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது."

நான் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன்.