முன்னால் போட்ட முட்டை

தாராளமாகப் பூஜ்யம் போட்டதால் அந்தக் கணக்கு வாத்தியாருக்கு முட்டை வாத்தியார் என்றே பெயர். ஓய்வுபெற்றதும் மனைவிக்காக ஒரு சீரியலின் தொண்ணூறு எபிசோடுகளையும் கம்ப்யூட்டரில் சேர்த்து, 1, 2, 3 என்று பெயர் வைத்தார். அந்தக் கம்ப்யூட்டரோ 1-க்குப் பின் 10, 19-க்குப் பின் 2 என்று தன் இஷ்டத்துக்கு அடுக்கியது.

“என்னங்க, இப்பத்தான் செத்துப்போன மாமனார் உக்காந்து காபி கேக்கறாரு!” என்று மனைவி அலறினாள்.

வாத்தியார் தலையைச் சொறிந்தார். பிறகு 1 முதல் 9 வரை ஆளுக்கொரு முட்டையை முன்னால் வைத்தார்: 01, 02. வரிசை சரியானது.

“முன்னாடி போடற முட்டைக்கு மதிப்பே இல்லன்னு முப்பது வருஷமா பிள்ளைங்களைத் திட்டினீங்களே?”

வாத்தியார் சிரித்துவிட்டார். “பேசாம பாரும்மா. மாமனார் இன்னும் உயிரோட இருக்காரு.”