சக்கரத்தில் போன சேலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் என் நைனா தவறாமல் முகச்சவரம் செய்துகொள்வார். அன்றைக்குத்தான் சென்னையிலிருந்து மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாகப் பழவேற்காட்டுக்கு வருவார்கள். டச்சுக்காரர்கள் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் ஏரிக்கரைக்கு வந்து படகு கேட்பார்கள். வாரம் முழுக்க இறால் பிடிக்கிற நைனா அன்று வலையைக் காயவிட்டு, அவர்களைப் படகில் ஏற்றிப் பசியாவரம் பக்கம் வரை சுற்றிக் காட்டுவார். அவர்கள் ஏரியைப் பார்ப்பார்கள். நைனா கரையில் நிற்கிற வண்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

அவர்கள் வரும் கோலமே எங்கள் குப்பத்துக்கு வேடிக்கை. அந்த வெயிலில் தடித்த கறுப்புச் சட்டை, கையுறை, முட்டிக்குக் காப்பு, கண்ணைத் தவிர எதுவும் தெரியாத ஹெல்மெட். அதையெல்லாம் கழற்றி வைக்கவே அரை மணி நேரம் ஆகும். அவர்களில் ஒருவர் ஒருமுறை நைனாவிடம், "அண்ணா, நீங்களும் வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடுங்க, பக்கத்து ஊருக்குப் போனாலும் போடுங்க" என்று அக்கறையாகச் சொன்னார். நைனா மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். அன்று சாயங்காலம் அம்மாவிடம், "இந்த ரோட்ல மாடு கூட மெதுவா போவுது, இதுக்கு இன்னாத்துக்கு ஹெல்மெட்டு" என்று சொல்லிச் சிரித்தார்.

நைனாவிடம் அப்போது ஒரு பழைய வண்டி இருந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த சித்தப்பா புது வண்டி எடுத்ததும் பழசைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார். அதை நைனா கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, சென்னைக்காரர்களின் வண்டியைப் போல ஆக்க முயன்றார். அவர்கள் வண்டிகளில் அனாவசியமாக ஒன்றும் தொங்கவில்லை என்பதை அவர் கவனித்திருந்தார். ஒரு நாள் ஸ்பேனரை எடுத்து, பின் சக்கரத்தை ஒட்டி இடது பக்கம் இருந்த சாரி கார்டைக் கழற்றினார். பின்னால் உட்காருகிற பெண்களின் சேலை சக்கரத்தில் மாட்டாமல் தடுப்பதற்காக வைத்த கம்பி அது.

"அத்த ஏன்யா கழட்டுற?" என்று அம்மா கேட்டாள்.

"பொம்பள வண்டி மாதிரி கீது."

அதில் ஏறப்போகிற ஒரே பொம்பளை அவள்தான். கம்பி கோழிக்கூண்டின் மேல் போய்ச் சேர்ந்தது.

பொங்கல் கழிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்று பலமாக இருந்ததால் படகு சவாரி இல்லை. நைனா வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "நாமளும் ஒரு ரவுண்டு போயாரலாம். திருப்பாலைவனம் கோயிலு, பொன்னேரில பிரியாணி, சாயந்தரம் ஊடு" என்றார். எனக்கு அப்போது பத்து வயது. முந்தின நாளே என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். அந்த ரகசியத்தை நான் பள்ளித்தோழி ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள் யாரிடமும் சொல்லாமல் இருக்கக்கூடாது என்பதுதான் என் ஆசை.

அம்மா அன்று மாமா எடுத்துக் கொடுத்த மயில்கழுத்து நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். வழுக்கிக்கொண்டு ஓடுகிற துணி. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகி, அதன்மேல் ஒரு ஊக்கும் குத்தினாள். நான் முன்னால் டாங்கின் மேல், அம்மா பின்னால் ஒரு பக்கமாக. குப்பத்தைத் தாண்டும்வரை நைனா வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினார். நண்டு வாங்க வந்திருந்த வியாபாரிகூட நிமிர்ந்து பார்த்தார். என் வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு உயரத்தில் நான் உட்கார்ந்ததில்லை.

திருப்பாலைவனத்துக்கு முன்னால் சாலை வயல்களுக்கு நடுவே நேராகப் போகும். அங்கேதான் எதிரே அவர்கள் வந்தார்கள். ஏழெட்டு வண்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக, சீரான இடைவெளி விட்டு. முன்னால் வந்தவர் எங்களைப் பார்த்ததும் இடது கையைக் கொஞ்சம் உயர்த்தினார். அடுத்தவரும் உயர்த்தினார். வழியில் எதிர்ப்படும் வண்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற வணக்கம் அது. நைனாவையும் தங்களில் ஒருவராக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

நைனாவும் கையைத் தூக்கினார். என் முதுகில் பட்டுக்கொண்டிருந்த அவர் நெஞ்சு விரிவது எனக்குத் தெரிந்தது. அவர்கள் போன பிறகு வண்டி பறந்தது. காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. பின்னாலிருந்து அம்மா, "மெல்லமா போயா, புள்ள முன்னால கீது" என்றாள். இரண்டாவது முறையும் சொன்னாள். மூன்றாவது முறை பாதிச் சொல்தான் வந்தது.

யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் வண்டி திணறியது. அப்படியே வலப்பக்கம் சாய்ந்து, தார்ச்சாலையில் சிறிது தூரம் தேய்ந்துகொண்டு போய் நின்றது. நான் நைனாவின் மேல் விழுந்ததால் எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். எழுந்து திரும்பிப் பார்த்தேன். அம்மா வெகுதூரம் பின்னால் சாலையில் குப்புறக் கிடந்தாள். சேலை அவள் உடம்பில் இல்லை. முழுவதும் சக்கரத்துக்குள் போயிருந்தது.

அவளுக்குப் பின்னால் பொன்னேரி பஸ் வந்துகொண்டிருந்தது.

டிரைவர் போட்ட பிரேக்கில் பஸ் கத்திக்கொண்டு வந்து, அம்மாவின் காலுக்கு ஒரு படகு நீளத்துக்கு முன்னால் நின்றது. எல்லா ஜன்னலிலும் தலைகள். அம்மா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். புருவத்துக்கு மேலே கிழிந்து, ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. இரண்டு கைகளையும் குறுக்கே கட்டி மார்பை மறைத்துக்கொண்டு, ரவிக்கையும் பாவாடையுமாக நடுச்சாலையில் உட்கார்ந்திருந்தாள்.

"இங்க வா, முன்னால வந்து நில்லு" என்றாள் என்னிடம்.

நான் ஓடிப்போய் அவளுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். என் பின்னால் எதுவும் மறையவில்லை என்று எனக்கே தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது மூன்றாவது ஜன்னலில் என் தோழி இருந்தாள். நான் ரகசியம் சொன்ன அதே தோழி. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே சாலை பிளந்து என்னை விழுங்கிவிடக்கூடாதா என்று இருந்தது. அம்மா செத்திருக்கலாம் என்பதோ, அவளுக்கு வலிக்கும் என்பதோ எனக்குத் தோன்றவேயில்லை. இவள் ஏன் எழுந்து எங்காவது வயலுக்குள் போய் ஒளிந்துகொள்ளக்கூடாது என்றுதான் நினைத்தேன்.

நைனா அம்மாவிடம் வரவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டு, சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. துணி கிழிகிற சத்தம் மட்டும் கேட்டது.

பஸ்ஸிலிருந்து முதலில் இறங்கியது பழவேற்காட்டுச் சாயபுமார் வீட்டு அம்மாள் ஒருவர். வெளியே வரும்போது அந்த வீட்டுப் பெண்கள் சேலைக்கு மேல் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தார். கையிலிருந்த பனையோலைப் பெட்டிகளை அப்படியே கீழே போட்டுவிட்டு வேகமாக நடந்து வந்தார். வரும்போதே துப்பட்டியைத் தலையிலிருந்து உருவி, குனிந்து அம்மாவைச் சுற்றிப் போர்த்தினார்.

"பயப்படாதம்மா. ஒண்ணுமில்ல. எந்திரி, என்னப் புடிச்சுக்க."

பிறகுதான் மற்றவர்கள் இறங்கினார்கள். டிரைவர் நைனாவிடம் போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"இன்னாப்பா, இங்க ஒரு கம்பி இருக்குமே, எங்க அது?"

நைனா தலையைத் தூக்கவில்லை. டிரைவர் சும்மா விடுகிறவராக இல்லை. "உன்னத்தான் கேக்கறேன். பொண்டாட்டிய பின்னால ஒக்கார வச்சிகினு கம்பி இல்லாமயா ஓட்டுவ? நான் பிரேக் புடிக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?"

கூட்டம் நைனாவைப் பார்த்தது. அப்போது துப்பட்டிக்குள்ளிருந்து அம்மா பேசினாள்.

"அது எப்பவோ ஒடஞ்சி பூட்ச்சிண்ணா. மாட்டறேன்னுதான் சொன்னாரு, நான்தான் அப்பறம் பாத்துக்கலாம்னேன். முந்தானிய புடிச்சிக்கோனு வேற சொன்னாரு. நான்தான் உட்டுட்டேன்."

கம்பி உடையவில்லை. அது கோழிக்கூண்டின் மேல் இருந்தது. நான் நைனாவைப் பார்த்தேன். அவர் மறுபடி சேலையை இழுக்க ஆரம்பித்திருந்தார்.

டிரைவர், "நல்லா கட்னீங்கம்மா சேல" என்று சலித்துக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தின் பார்வையும் நைனாவை விட்டு அம்மாவிடம் வந்தது.

அதே பஸ்ஸில் எங்களைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டே வந்தார். அது நிற்காமல் நழுவியது. எதற்கு இப்படித் தவிக்கிறார், நல்ல சேலைதானே கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். என் தோழி எங்களுக்குப் பின் சீட்டில் இருந்தாள். நான் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

அம்மாவுக்குப் புருவத்தில் தையல் போட்டார்கள். மதியத்துக்கு மேல் நைனா வந்தார். வயலில் யாரிடமோ கதிர் அரிவாள் வாங்கிச் சேலையை அறுத்து எடுத்திருக்கிறார். அம்மாவின் காலடியில் நின்று, "வலிக்குதா?" என்றார். அம்மா இல்லை என்று தலையாட்டினாள். பிரியாணியைப் பற்றி நானும் கேட்கவில்லை.

ஊரில் கதை எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அதையே சொன்னாள். நான்தான் உட்டுட்டேன், நான்தான் கவனிக்கல. நைனா வலை பின்னுகிற சாக்கில் வெளியே உட்கார்ந்திருந்தார். ஒருவரிடமும் அவர் மறுத்துச் சொல்லவில்லை. மறுநாள் விடிவதற்குள் கம்பி வண்டியில் ஏறியிருந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடி ஒன்றும் புதிதாக வந்திருந்தது. பள்ளியில் தோழி என்னிடம், "உங்கம்மாக்கு சேல கட்டத் தெரியாதாமே" என்றாள். ஆமாம் என்றேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொய் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு வந்து எனக்கும் அதைத் தருகிறாளே என்று ஆத்திரம்.

தையல் பிரித்த பிறகு, துப்பட்டியைத் திருப்பிக் கொடுக்க அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். மூன்று தடவை சோப்புப் போட்டு ஊறவைத்தும் ஓரத்தில் ஒரு பழுப்புக் கறை போகவில்லை. நைனா தன் கையால் பெரிய நண்டாகப் பார்த்துப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தார். கூட வரவில்லை.

பழவேற்காட்டில் பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்தது அந்த அம்மாளின் வீடு. எங்களை உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்து, எனக்கு ரொட்டியும் தேநீரும் கொடுத்தார். அம்மா துப்பட்டியை மடியில் வைத்து, கறை இருந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டு பேசினாள்.

"கற போவலக்கா. தப்பா நெனச்சிக்காதீங்க. உங்களுக்கும் அன்னிக்கி கஷ்டமா பூட்ச்சி. எல்லாம் என் தப்பாலதான். நான்தான் முந்தானிய..."

"அது பஸ்ஸுல வந்த ஆம்பளைங்களுக்குச் சொன்னது" என்றார் அந்த அம்மாள். துப்பட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மாவின் புருவத் தழும்பை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "எங்கிட்ட எதுக்கும்மா?"

அம்மா அழ ஆரம்பித்தாள். சாலையில் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தபோது அழவில்லை. ஊசி குத்தித் தைத்தபோது அழவில்லை. இங்கே, ஒருவரும் ஒரு கடுஞ்சொல் சொல்லாத இடத்தில், தேநீர் ஆறிக்கொண்டிருக்க, முன்பின் பழகாத ஒருவரின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தமாக அழுதாள். அந்த வீட்டுப் பிள்ளைகள் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். என் முகம் எரிந்தது. இவள் போகிற இடமெல்லாம் ஏன் இப்படி என்னைக் கூசவைக்கிறாள்?

அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, "எந்திரிம்மா, போலாம்" என்றேன்.

"செத்த இரு கண்ணு" என்றார் அந்த அம்மாள், அவளைத் தட்டிக்கொண்டே. "ஒங்கம்மா இன்னும் கொஞ்சம் அழட்டும்."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். உள்ளே அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. அது வெளியே யாருக்காவது கேட்கிறதா என்று, தெருவை இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.