கிணற்றடிக் கல்லின் கீழ்

என் மனைவி அதைக் கிணற்றடி ஆள் என்றுதான் சொல்லுவாள். கல்முனையில் எங்கள் வீட்டு வளவுக் கிணற்றடியில், தொழுகைக்கு முன் அவள் நின்று முகம் கைகால் கழுவி வுழூ எடுக்கும் கல்லுக்கு அடியில் குடியிருந்த தேரை அது. உள்ளங்கையை நிறைக்கும் பருமன். நான் விலங்கியல் படிப்பிக்கிறவன், சும்மா விடுவேனா? குந்தியிருந்து பார்த்து விளக்கம் சொன்னேன். கண்களைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு, பின்னால் தடித்த நஞ்சுச் சுரப்பி, முதுகெல்லாம் கருமுனைப் பருக்கள். ஆசியத் தேரை. ஆண் இவ்வளவு பருக்காது, ஆகவே பெண்.

"பொம்புளயா? அப்ப அதுட பாட்டுக்கு இரிக்கட்டும், துரத்தாதீங்க" என்றாள்.

சுனாமி வந்த ஞாயிறு காலை அவள் கடலோரத்தில் இருந்த தன் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குப் போயிருந்தாள். இருவருமே திரும்பவில்லை. எங்கள் வளவுக்குள் இடுப்பளவு உப்புத் தண்ணீர் வந்து வடிந்தது. வீடு நின்றது, தேரையைக் காணவில்லை. அதன் தோலுக்கு உப்பு ஆகாது என்று தெரியும், அதனால் தேடவில்லை.

கிணற்றை இறைத்தோம். மாரி மழைகள் பெய்து தண்ணீர் பழையபடி இனித்தது. பக்கத்து வீட்டு விளக்கடியில் தேரைகள் பூச்சி பிடிக்க வந்து குந்தின. எங்கள் வளவுக்கு ஒன்றும் வரவில்லை. எனக்கு அநியாயத்துக்குக் கோபம் வந்தது. இறக்காமத்தில் இருக்கும் தங்கை வேறு, வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி ஃபோனில் நச்சரித்தாள். "ஆளில்லாத ஊட்டுல என்னத்துக்குக் காக்கா இரிக்கீங்க?" என்று அண்ணனான என்னைக் கேட்டாள். தனிமை தாங்க முடியவில்லை, விற்கத்தான் நினைத்தேன்.

ஒரு நாள் வகுப்பில் தேரையின் வாழிடம் பற்றிக் குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடுகளை அண்டிய ஈரலிப்பான இடங்கள். வருடக்கணக்காகச் சொல்லும் வரிதான், அன்று வாய் நின்றுவிட்டது. எனக்குச் சாப்பாடு கடையில், வுழூ பள்ளிவாசலில். எங்கள் கிணற்றடியை ஐந்து வேளையும் ஈரமாக வைத்திருந்தவள் அவள்தான்.

அன்று முதல் அவளுடைய கல்லில் நின்று வுழூ எடுத்துவிட்டே பள்ளிவாசலுக்குப் போனேன்.

யுத்தம் முடிந்ததென்று ரோட்டில் வெடி கொளுத்திய மே மாதம், நிலம் காய்ந்து கிடந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கால் கழுவக் குனிந்தேன். கல்லுக்கு அடியில் கறுப்பு விளிம்போடு இரண்டு கண்கள். அதே தேரை இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் அழுதேன்.

அந்தியில் மஃரிப் தொழுத பிறகு தங்கை ஃபோன் எடுத்துப் பழையபடி வரச் சொன்னாள்.

"நான் வரல்ல புள்ள" என்றேன். "ஊட்டுல ஆள் இரிக்கி."